சுவரையும் உரசிப் பாருங்கள்

கோவளம் தொடங்கி கடலூர் பெரியகுப்பம் வரையுள்ள கடலோரக் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும், கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்கும் பெண்களுக்கும், படகோட்டும் இளைஞர்களுக்கும்,

இந்த மடல் காஞ்சிபுரத்திலிருந்து வருகிறது. கடலைப் பார்க்க வேண்டுமானால் இந்த ஊர்க்காரர்கள் பஸ் ஏறித்தான் வர வேண்டும். அலைத் தடுப்புச் சுவரைப் பற்றிப் பேச ஒரு நெசவு ஊருக்கு என்ன வந்தது என்று உங்களில் மூத்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு விஷயத்துக்குப் போவதே முறை.

2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை கோவளமும் மாமல்லபுரமும் கல்பாக்கமும் கடலூர் பெரியகுப்பமும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது உங்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் இங்கேதான் இருந்தது. மாவட்டக் கோடு மாறினாலும் பாலாறு மாறவில்லை. காஞ்சிபுரத்தை ஒட்டி வரும் அதே ஆறுதான் வயலூர் அருகே உங்கள் கடலில் சேர்கிறது. உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துக் குவாரிகளில் உடைபடும் ஜல்லியும் எம்-சாண்டும் லாரி ஏறிக் கடற்கரைப் பக்கத்துக் கட்டுமானங்களுக்கும் போகின்றன.

இதற்கெல்லாம் முந்திய உறவு ஒன்றும் உண்டு. காஞ்சி கைலாசநாதர் கோயிலை எடுத்த ராஜசிம்ம பல்லவனே மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலையும் எடுத்தான் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். இரண்டும் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. கடற்கரைக் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்குள்ள சிற்பங்களின் முகங்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மூக்கும் உதடும் கரைந்து, சில இடங்களில் உருவத்தின் விளிம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. உளி வைத்து யாரும் சிதைத்ததில்லை. உப்புக்காற்று செய்த வேலை. கல்லுக்குள் ஊறிய உப்பை எடுக்கத் தொல்லியல் துறையினர் ஈரக் காகிதக் கூழைச் சிற்பத்தின் மேல் கனமாக அப்புகிறார்கள். கூழ் காயக் காய, உள்ளே கரைந்திருக்கும் உப்பு வெளியே வந்து கூழில் ஏறுகிறது. காய்ந்த கூழை உரித்துவிட்டுப் புதிதாக அப்புகிறார்கள். பாறைக்குள்ளேயே இப்படி உப்பு புகும் என்றால், மணலும் ஜல்லியும் சிமெண்ட்டும் கலந்து ஊற்றிய கான்கிரீட்டுக்குள் புகாமல் இருக்குமா?

இந்த மடலின் பேச்சு அதைப் பற்றித்தான். கரையைக் காக்க உங்கள் ஊரில் கான்கிரீட் வேலை நடக்கும்போது, அதன் பலத்தைச் சோதித்தார்களா, எந்தச் சோதனை செய்தார்கள், முடிவு என்ன என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்பதற்குத் தேவையான விவரங்களை இங்கே சொல்ல முயல்கிறோம்.

காஞ்சிபுரத்தில் ஜரிகையைக் கண்ணால் பார்த்து யாரும் வாங்குவதில்லை. அசல் ஜரிகையின் நடுவே சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூல் இருக்கும். அதன் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுற்றியிருக்கும். அதற்கும் மேலே தங்க முலாம். தறிக்காரர் ஜரிகையின் நுனியைச் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். அதோடும் விடுவதில்லை. வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று கருவியில் வைத்து அளந்து சீட்டு வாங்கும் வழக்கமும் இந்த ஊரில் உண்டு. மேலே மின்னுவதை வைத்து உள்ளே இருப்பதை முடிவு செய்யக் கூடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு புடவைக்கே இத்தனை பார்க்கிறோம். ஊரையே காக்க வேண்டிய சுவருக்கு எவ்வளவு பார்க்க வேண்டும்!

கான்கிரீட்டுக்கு எல்லாருக்கும் தெரிந்த சோதனை கியூப் சோதனை. பக்கத்துக்கு 150 மில்லிமீட்டர் உள்ள இரும்பு மோல்டில் கலவையை 5 சென்டிமீட்டர் அளவுக்கு ஒவ்வோர் அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 35 முறை குத்த வேண்டும். மறுநாள் மோல்டைக் கழற்றி, கட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். 28ஆம் நாள் அதை எடுத்து எந்திரத்தின் இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். முள் மெல்ல ஏறும். கட்டியின் பக்கங்களில் முடி போல விரிசல் ஓடும். பிறகு பக்கச் சில்லுகள் உதிர்ந்து, நடுவில் உடுக்கை போல இடை சிறுத்த துண்டு மிஞ்சும். அப்படி உடைந்தால் சோதனை ஒழுங்காக நடந்தது என்று அர்த்தம். கடலில் ஏற்ற இறக்கம் படும் இடத்துக்கு விதித்திருக்கும் எம்-40 தரக் கான்கிரீட் என்றால், அந்தச் சின்னக் கட்டி ஏறக்குறைய 90 டன் சுமையைத் தாங்கிய பிறகே உடைய வேண்டும்.

எத்தனை கியூப் எடுக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 456 விதிப்படி 31 முதல் 50 கன மீட்டர் வரையிலான கான்கிரீட்டுக்கு நான்கு மாதிரிகள். அதற்கு மேல் ஒவ்வொரு 50 கன மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மாதிரி. ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று கியூப். மூன்றின் சராசரியே முடிவு. மூன்றில் ஏதாவது ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த முடிவு செல்லாது. சுவருக்கு ஒரு கலவை, கியூபுக்கு மட்டும் சிமெண்ட் கூட்டிய இன்னொரு கலவை என்று போடும் குறுக்குவழி கட்டுமான உலகத்தில் யாருக்கும் தெரியாததில்லை. அதனால் கலவை ஊற்றும் நாளில் ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று, எந்த வண்டியின் கலவையிலிருந்து கியூப் எடுத்தார்கள் என்று பார்ப்பது நல்லது. கியூபின் மேல் தேதியையும் இடத்தையும் எழுதுகிறார்களா என்றும் பாருங்கள்.

கியூப் சோதனை அவசியம். ஆனால் கடலோரத்துக்கு அது மட்டும் போதாது. ஏன் போதாது என்பதற்கு ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் இரும்பின் எதிரியான குளோரைடு மட்டும் 19 கிராம். கம்பி கட்டிய கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லிட்டர் வாளியில் மூன்று வாளி கடல்நீர் கலந்தாலே அந்த எல்லை ஏறக்குறைய தீர்ந்துவிடும். முழுக்கவும் கடல்நீரிலேயே குழைத்தால் எல்லையைப் போல் ஐந்து மடங்கு ஆகும். இதில் கவலை தரும் இடம் ஒன்று உண்டு. கடல்நீரில் குழைத்த கான்கிரீட் ஆரம்ப நாட்களில் சீக்கிரமாகவே இறுகும். 7ஆம் நாள் கியூபை உடைத்தால் நல்ல தண்ணீரில் குழைத்ததைவிட அதிகச் சுமையைத் தாங்குவதும் உண்டு. சோதனைச் சீட்டில் ‘தேர்ச்சி’ என்றே வரும். கியூபுக்குள் கம்பி இல்லை. ஆகவே உப்பு என்ன செய்யும் என்பது கியூபுக்குத் தெரியாது.

கம்பிக்குத் தெரியும். சிமெண்ட் காரத்தன்மை உடையது. நல்ல கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உருவாகி, துருப் பிடிக்காமல் காக்கிறது. குளோரைடு உள்ளே போய் அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கிறது. துளைத்த இடத்தில் துரு ஏறுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளக்கிறது. முதலில் கம்பி போகும் வழியிலேயே நேர்க்கோடாக ஒரு விரிசல். பிறகு அதிலிருந்து காப்பிக் கறை போல ஒழுகும் பழுப்பு. சுத்தியலால் தட்டினால் பொத்தல் பானை போல ஓசை வரும். ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தால் கான்கிரீட் பாளமாகப் பெயர்ந்து, உள்ளே கம்பி விலா எலும்பு போலத் தெரியும். கடலோரத்தில் வாழும் உங்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விவரிக்க வேண்டியதில்லை. பழைய படகுத்துறைத் தூண்களிலும், கரையோர வீடுகளின் மொட்டை மாடிக் கைப்பிடிகளிலும் பார்த்திருப்பீர்கள்.

இந்த அரிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. எப்போதும் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் பகுதிக்கு ஆக்சிஜன் குறைவு. துரு மெதுவாகத்தான் ஏறும். நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காயும் பகுதிதான் ஆபத்தானது. அலை அடித்துத் திரும்பும்போது தண்ணீர் ஆவியாகும்; உப்பு தங்கும். அடுத்த அலை இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவரும். நம் பக்கத்தில் கடல் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்றாலும், அலைத் தெறிப்பு அதைவிட உயரம் போகும். சுவரின் வயிற்றுப் பகுதி முழுக்க இந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

விதியை எழுதியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஐ.எஸ். 456 சூழலை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. கடலோரக் காற்று படும் கட்டடம் ஒரு வகை. அதற்குக் குறைந்தது எம்-30. கடல்நீர்த் தெறிப்பு படும் பரப்பு அடுத்த வகை, எம்-35. ஏற்ற இறக்கம் படும் இடம் எல்லாவற்றிலும் கடுமையானது, எம்-40. கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியும் இதே வரிசையில் 45, 50, 75 மில்லிமீட்டர் என்று கூடுகிறது. இந்த இடைவெளியைத்தான் தளத்தில் ‘கவர்’ என்பார்கள்.

நீங்கள் ஒரே ஓர் அளவை மனத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தக் கவரை வைத்துக்கொள்ளுங்கள். உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிப் போகும் வேகம் ஆழம் போகப் போகக் குறையும். தோராயமாகச் சொன்னால், கவர் இரட்டித்தால் உப்பு கம்பியைத் தொட ஆகும் காலம் நான்கு மடங்காகும். இதையே திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும். 75 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 50 மட்டும் இருந்தால் காலம் பாதிக்கும் கீழே போகிறது. 25 ஆனால் ஒன்பதில் ஒரு பங்குதான். ஆக, கம்பி கட்டும் நாளில் நல்ல கவர் பிளாக் வைக்காமல் கையில் கிடைத்த ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்தாலோ, கலவை ஊற்றும்போது யாரோ கம்பி மேல் ஏறி நின்று அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டாலோ, பல பத்தாண்டுகள் நிற்க வேண்டிய சுவரின் ஆயுள் அந்த ஒரு மதியத்தில் தீர்மானமாகிவிடுகிறது. கியூப் அதையும் காட்டாது.

கோவாவில் நடந்ததை இங்கே நினைக்க வேண்டும். பனாஜியில் மாண்டவி ஆற்றின் கழிமுகத்தில் 1970களின் தொடக்கத்தில் போட்ட கான்கிரீட் பாலம் 1986 ஜூலை 5 அன்று இடிந்து விழுந்தது. பாலத்துக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. உப்புக்காற்றில் எஃகு அரித்ததைப் பற்றி இந்தியப் பொறியாளர்கள் இன்றும் வகுப்பறைகளில் சொல்லும் உதாரணம் அது.

அப்படியானால் கம்பியே போடாமல் விட்டால் என்ன? போடாமலும் விடுகிறார்கள். மும்பை மரைன் டிரைவிலும், கேரளத்தில் செல்லானத்திலும் நான்கு கால் கட்டிகளைக் கண்டிருப்பீர்கள். டெட்ராபாட் என்று பெயர். 1950இல் பிரான்சின் கிரெநோபிள் நகர ஆய்வுக்கூடத்தில் உருவானது. முதலில் மொராக்கோவின் காசாபிளாங்காவில் ஓர் அனல்மின் நிலையத்துக்குக் கடல்நீர் எடுக்கும் இடத்தைக் காக்கப் போட்டார்கள். இந்த மாதிரிக் கட்டிகளில் பெரும்பாலும் கம்பி இருக்காது. கம்பி இல்லை என்றால் துரு இல்லை. கடலோரத்தில் கூடுமானவரை கம்பியில்லாமல் முன்கூட்டியே வார்த்து, நன்றாக நீராற்றி, விரிசல் இல்லாத கட்டிகளுக்கே முன்னுரிமை தரச் சொல்கிறது ஐ.எஸ். 456. மேலே பூச்சு பூசுவதையும் அது தவிர்க்கச் சொல்கிறது. தேன்கூடு போல ஓட்டை விழுந்த கான்கிரீட்டைச் சிமெண்ட் பூசி மறைத்த சுவரை நீங்கள் எங்காவது பார்த்தால், அந்தப் பூச்சுக்கே விளக்கம் கேட்கலாம்.

ஆனால் கம்பியில்லாத கட்டிக்கு வேறொரு பலவீனம் உண்டு. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையை அவ்வளவாகத் தாங்காது. அலையில் கட்டி உருண்டு பக்கத்துக் கட்டியோடு மோதும்போது அதன் காலில் இழுவை ஏற்படுகிறது. போர்ச்சுகலின் சினெஸ் துறைமுகத்தில் அலைத் தடுப்புக்காக ஒவ்வொன்றும் 42 டன் எடையுள்ள, டோலோஸ் என்ற கட்டிகளை அடுக்கினார்கள். வேலை முடியும் தறுவாயில், 1978 பிப்ரவரியில் ஒரு புயல் வந்தது. கட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உடைந்தோ இழுத்துச் செல்லப்பட்டோ போயின. கட்டி பெரிதாகப் பெரிதாக அதன் எடையும் மோதலும் கூடுகின்றன. கான்கிரீட்டின் பலமோ அதே அளவில்தான் நிற்கிறது. சிறிய மாதிரிகளை வைத்துத் தொட்டியில் சோதித்தபோது இது பிடிபடவில்லை.

சினெஸுக்குப் பிறகு முழு அளவுக் கட்டிகளையே உடைத்துப் பார்க்கும் சோதனைகள் நடந்தன. டென்மார்க்கில் நிஜ அளவு டோலோஸைத் தூக்கிக் கீழே போட்டும், ஊசல் போல எடையை மோதவிட்டும் எங்கே விரிகிறது என்று பார்த்தார்கள். அமெரிக்காவின் கிரெசென்ட் சிட்டியில் 1986இல் 42 டன் கட்டிகள் சிலவற்றுக்குள் அளவுக் கருவிகளைப் புதைத்தே வார்த்து, கடலில் இறக்கி, ஒவ்வோர் அலைக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று அளந்தார்கள். ஆகவே உங்கள் கரையில் இறக்குவது கம்பி கட்டிய சுவரா, கம்பியில்லாத கட்டியா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கம்பி இருந்தால் கவரையும் உப்பையும் கேட்க வேண்டும். கம்பி இல்லை என்றால் இழுவைப் பலத்தையும், தூக்கி இறக்கும்போது கால் விரிந்ததா என்பதையும் கேட்க வேண்டும்.

சரி, சுவர் ஏற்கெனவே எழும்பிவிட்டது. கியூப் எல்லாம் உடைந்து குப்பைக்குப் போய்விட்டது. இனி என்ன செய்ய முடியும்? நிறையவே முடியும். நிற்கும் கான்கிரீட்டை இடிக்காமல் சோதிக்கும் முறைகள் இருக்கின்றன.

எளியது சுத்தியல் சோதனை. விசைச்சுருள் வைத்த சின்னக் கருவியைச் சுவரில் அழுத்தினால், உள்ளிருக்கும் எடை மோதித் திரும்பும். எவ்வளவு துள்ளியது என்று முள் காட்டும். இதை மட்டும் செய்துவிட்டு ‘பலம் சரி’ என்று ஒருவர் சொன்னால் ஏற்காதீர்கள். இந்த முறையில் பலத்தைக் கணித்தால் 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று இந்திய விதியே எச்சரிக்கிறது. அடுத்தது ஒலி அலை. ஒரு பக்கம் அனுப்பும் மீயொலி அலை மறுபக்கம் வந்துசேரும் வேகத்தை அளப்பார்கள். வினாடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் என்றால் மிக நன்று. வேகம் குறையக் குறையச் சந்தேகம் கூடும். உள்ளே ஓட்டையோ விரிசலோ இருந்தால் அலை சுற்றிக்கொண்டு தாமதமாக வரும்.

சந்தேகம் தீராவிட்டால் கோர் எடுக்க வேண்டும். குழாய் வடிவத் துளைப்பானால் சுவரைத் துளைத்து உருளையாக ஒரு துண்டை எடுத்து அழுத்திப் பார்ப்பது. குறைந்தது மூன்று கோர். அவற்றின் சராசரிப் பலம் விதித்த கியூப் பலத்தில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும். எந்த ஒரு கோரும் 75க்குக் கீழே போகக் கூடாது.

அந்தக் கோரை அப்படியே தூக்கிப் போட்டுவிடாமல், கடலோரத்துக்கு மிகவும் தேவையான இன்னொரு சோதனையை அதிலேயே செய்யலாம். கோரை நீளவாக்கில் பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தின் மேல் வெள்ளி நைட்ரேட் கரைசலைத் தெளிப்பார்கள். உப்பு ஊறிய இடம் வெளிறி வெள்ளையாகும். ஊறாத இடம் பழுப்பாகும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு கண்ணெதிரே தோன்றும். கடலைப் பார்த்த முகத்திலிருந்து அந்தக் கோடு வரை ஸ்கேல் வைத்து அளந்தால், இத்தனை ஆண்டுகளில் உப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று ஊரில் யாருக்கும் புரியும். கம்பி இன்னும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் அதே ஸ்கேல் சொல்லும். ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்பைப் பார்ப்பதற்கு நிகரான சோதனை கான்கிரீட்டுக்கு உண்டென்றால் அது இதுதான்.

இன்னும் இரண்டு உண்டு. கவர் மீட்டர் என்ற கருவியைச் சுவரின் மேல் நகர்த்தினால் உள்ளே கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும். மற்றொன்று மின்னழுத்தச் சோதனை. செம்பு-செம்பு சல்பேட் மின்முனையை வைத்து கம்பியின் மின்னழுத்தத்தை அளப்பது. அது மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிட இன்னும் எதிர்மறையாகப் போனால் துரு ஏறிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. வெளியே விரிசல் தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இது சொல்லிவிடும்.

இதற்கெல்லாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் கம்பி துருப்பிடிப்பதைப் பற்றியே பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. மண்டபத்தில் கடலோடு ஒட்டி அதற்கு ஒரு சோதனை நிலையம் இருக்கிறது. உலோகத்தையும் கான்கிரீட்டையும் நம் கடலிலேயே, நம் வெயிலிலேயே வைத்துப் பார்க்கும் இடம் அது. சென்னையில் ஐ.ஐ.டி.யும், தரமணி கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமும், பள்ளிக்கரணை தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் இருக்கின்றன. சோதிக்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சோதனையில் தேறிய கான்கிரீட்டும் கரையை முழுக்கக் காத்துவிடும் என்று இந்த மடல் சொல்லவில்லை. அலை சுவரின் காலடியில் மணலை அரித்தால், எம்-40 சுவரும் முழுசாகவே சாயும். நம் கடற்கரையில் ஆண்டு மொத்தத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் போகிறது. ஒரு குப்பத்தில் கடலுக்குள் நீட்டிப் போட்ட தூண்டில் வளைவு என்ற கல் தடுப்பு தெற்கே மணலைச் சேர்த்து, வடக்கே இருக்கும் குப்பத்தில் அரிப்பைக் கூட்டும். சென்னைத் துறைமுகத்தால் மெரினா அகன்றதும் ராயபுரம் கரைந்ததும் அப்படித்தான். 1990 முதல் 2018 வரையிலான கடலோர ஆய்வில் தமிழகக் கரையில் 40 சதவீதத்துக்கு மேல் அரிப்பில் இருப்பது தெரிந்தது. கடலூர் பெரியகுப்பத்தில் கான்கிரீட்டைத் தவிர்த்து, மணல் நிரப்பிய செயற்கை இழைக் குழாய்களைக் கடலுக்குள் அணையாக இட்டுப் பார்த்ததும் இந்தச் சிக்கலுக்கு மாற்றுத் தேடித்தான். எது வேண்டும் என்ற விவாதம் நடக்கட்டும். ஆனால் கான்கிரீட்தான் என்று முடிவான இடத்தில், அது சோதித்த கான்கிரீட்டாக இருக்க வேண்டும். 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அடுத்ததும் வரும்.

கேட்பதற்கு உங்களுக்குச் சட்டம் துணை இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றால் காகிதம் கேட்பது மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் 2(ஜே) உட்பிரிவு, நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாள் கெடு.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. உங்கள் கரையில் கான்கிரீட் வேலை நடந்தாலும், இனி நடக்க இருந்தாலும், வரும் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போடுங்கள். அதில் நான்கு சீட்டுகளைக் கேளுங்கள். கலவைக்கு எடுத்த தண்ணீரின் குளோரைடு அளவு. தேதியும் இடமும் எழுதிய 28 நாள் கியூப் முடிவு. கலவை ஊற்றும் முன் கம்பிக்கு எடுத்த கவர் அளவும், ஊற்றிய பின் கவர் மீட்டரில் எடுத்த அளவும். வேலை முடிந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கோர் எடுத்து உப்பு எவ்வளவு ஆழம் வந்திருக்கிறது என்று அளப்பதற்கான உறுதி. நான்கையும் தமிழில், ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். படித்துச் சொல்ல ஆள் வேண்டுமானால் காஞ்சிபுரத்துப் பொறியியல் மாணவர்களைக் கூப்பிடுங்கள், வருவார்கள்.

அன்புடன்,
காஞ்சிபுரத்திலிருந்து